மெல்லிய கையெழுத்து எழுத்துரு: கார்ட் அடிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், சின்ன அறை ஒன்றில் இருந்து வேலை செய்கிறேன். கலியாண அழைப்பிதழ், சாமத்தியவீட்டுக் கார்ட், கடைப் பெயர்ப்பலகை, பலகாரப் பெட்டிக்கு ஒட்டும் லேபல் எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பேன். வருகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைக் காட்டி, "அக்கா, இந்த மாதிரி மெல்லிசா, கையால எழுதின மாதிரி வேணும்" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு வரும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொருவருக்கும் வட்ஸ்அப்பில் தனித்தனியாகத் தட்டி அனுப்பியதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

மெல்லிய கையெழுத்து எழுத்துரு என்று எதைச் சொல்கிறீர்கள்?

கூர்முனைப் பேனாவால் கையை எடுக்காமல் எழுதினது போல, எழுத்தும் எழுத்தும் கைகோத்துக்கொண்டு வலப்பக்கம் சாய்ந்து ஓடும் ஆங்கில எழுத்துருக்களைத்தான். ஸ்கிரிப்ட் ஃபொண்ட், கலியாண ஃபொண்ட், சுருட்டி எழுதுற ஃபொண்ட் என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், கீழே இறங்கும் கோடு தடித்திருக்கும், மேலே ஏறும் கோடு மயிரிழை போல மெலிந்திருக்கும். நடுவில் பிளந்த உலோக முனையை அழுத்தினால் அது விரிந்து கோடு தடிக்கும், அழுத்தத்தை எடுத்தால் மெலியும். அந்தக் கை அழுத்தம்தான் அந்த எழுத்தின் அழகே. மற்றது, ஜெல் பேனாவால் எழுதினது போல தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே தடிப்பில் ஓடுவது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் கீழே வரும் பல கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள். அச்சில் சிக்கல் தருவது அநேகமாக எப்போதும் முதல் வகையின் அந்த மயிரிழைக் கோடுதான்.

இன்னொரு அடையாளமும் இருக்கிறது. சின்ன எழுத்துகளின் உடம்பு மிகச் சிறியதாகவும், மேலே கீழே நீளும் கைகால்கள் மிக நீளமாகவும் இருக்கும். அதனால்தான் அதே 14 புள்ளி (பொயின்ட்) அளவில் வைத்தாலும் சாதாரண எழுத்தைவிட இது பாதிதான் தெரிகிறது போல இருக்கிறது.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது?

17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுதக் கற்றுக்கொடுப்பதையே தொழிலாக வைத்திருந்த ஆசிரியர்களிடமிருந்து. அவர்கள் எழுதிக் காட்டிய மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்கள். செப்புத் தகட்டில் எவ்வளவு மெல்லிய கோட்டையும் கீற முடியும் என்பதால் எழுத்தும் மேலும் மேலும் மெலிந்துகொண்டே போனது.

ஆனால் ஈய அச்சில் இதைக் கோப்பது பெரும்பாடு. ஒவ்வொரு எழுத்தும் தனிக் கட்டை, கட்டையின் விளிம்பைத் தாண்டி வால் நீண்டால் உடைந்துவிடும். அப்படியிருந்தும் பிரான்சில் ரொஜே எக்ஸ்கொஃபோன் 1953இல் மிஸ்ட்ரல் என்ற எழுத்துருவில் ஈயத்திலேயே எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காட்டினார், எனக்கு அது இன்றைக்கும் வியப்புத்தான். பிறகு எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்தது. கட்டை இல்லை, விளிம்பும் இல்லை. சார்ள்ஸ் ஸ்னெல் என்ற பழைய ஆசிரியரின் கையெழுத்தை வைத்து மத்தியூ கார்ட்டர் 1966இல் ஸ்னெல் ரவுண்ட்ஹாண்ட் எழுத்துருவைச் செய்தார். 1998இல் ஹெர்மன் ஸாஃப் செய்த ஸாஃபினோ கொம்பியூட்டர் காலத்து எழுத்துரு; ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை உள்ளே வைத்திருந்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிப் போடும். மாக் வைத்திருப்பவர்கள் திறந்து பாருங்கள், அதிலேயே இருக்கிறது.

தமிழில் இப்படி ஒன்று இருக்கிறதா?

எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமான கேள்வி இது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் போல எழுத்துக்கு எழுத்து கோத்துக்கொண்டு ஓடும் தமிழ் எழுத்துரு வேண்டும் என்று தேடி அலைய வேண்டாம். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறிக் கீறி உருவானது. ஓலையின் நரம்போடு நேர்கோடு இழுத்தால் ஓலை பிளக்கும், அதனால் வளைவு. புள்ளி குத்தினால் ஓட்டை விழும், அதனால் ஏடுகளில் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள். எழுத்தாணிக்கு அழுத்தினால் விரிகிற முனை கிடையாது, கீறல் முழுக்க ஒரே தடிப்பு. அப்படி வளர்ந்த எழுத்தின் நளினம் அதன் வளைவில்தான் இருக்கிறது. ஒரு "ழு"வை, ஒரு "ணூ"வை, "ஞ"வின் சுழியைப் பெரிதாக எழுதிப் பாருங்கள், வேறு அலங்காரம் எதுவும் தேவைப்படாது.

இதை மறந்துவிட்டு, ஆங்கில எழுத்துருவைப் பார்த்துத் தமிழையும் பிடித்துச் சாய்த்து, காலில் ஒரு சுருள், தலையில் ஒரு சுருள் வைத்துச் செய்த எழுத்துருக்களும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் "ர"வும் துணைக்காலும் ஒன்று போலத் தெரியும், "எ"க்கும் "ஏ"க்கும் வித்தியாசம் காண முடியாது, பெயர் வாசிக்க வருகிற பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் அவற்றைப் பாவிப்பதில்லை.

பாவிப்பது எது என்றால், கையெழுத்துச் சாயலும் வேண்டும், வாசிக்கவும் வேண்டும் என்கிறவர்களுக்குக் கவிவாணர். நம் நாட்டைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வடிவமைத்தது, கொஞ்சம் சாய்ந்து, பேனாவின் ஓட்டத்தோடு இருக்கும், கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. கையெழுத்து வேண்டாம், மென்மை மட்டும் போதும் என்றால் அரிமா மதுரையின் மெல்லிய தடிப்பு. அதன் முனைகள் மழுங்கி மிருதுவாக இருக்கும். ஒரே தடிப்பில் ஓடும் ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் வைக்க கட்டமரன் நன்றாகப் பொருந்தும். பிரியா இரவிச்சந்திரன் செய்தது, ஒன்பது தடிப்புகளில் வருகிறது, அதனால் ஆங்கிலத்தின் கோட்டுக்குச் சமமான கோட்டைத் தேடி எடுக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒன்பது தடிப்பு உண்டு.

இது எதுவும் பிடிக்கவில்லை என்றால் பெயரைக் கையால் எழுதுவிக்கலாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அழகான ஆங்கில எழுத்துருவைத் தெரிவு செய்துவிட்டுத் தமிழில் தட்டினால் வேறு எழுத்து வருகிறது, ஏன்?

அந்த எழுத்துருவுக்குள் தமிழ் எழுத்துகளே இல்லை. யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்துகளுக்கென்றே தனி இடம் இருக்கும் இன்றைய பொது முறையில், தட்டும்போது கொம்பியூட்டர் தன்னிடம் இருக்கிற வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து இடத்தை நிரப்பிவிடும்.

பாமினியில் தட்டிப் பழகியவர்களுக்குக் கதை வேறு. இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது. அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த பழைய முறை. எம் இருக்கும் இடத்தில் "அ", கே இருக்கும் இடத்தில் "ம". அந்த வரியைத் தெரிவு செய்து கையெழுத்து எழுத்துருவுக்கு மாற்றினால், மிக அழகான சுருள்களோடு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்து வரிசை ஒன்று வந்து நிற்கும். எழுத்துருவில் பழுது இல்லை, தட்டிய முறை வேறு. அச்சகத்துக்குத் தமிழ் அனுப்பும்போது "யூனிகோடா, பாமினியா?" என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பாதித் தலையிடி அங்கேயே தீரும்.

ஒரு கார்டில் எவ்வளவு தூரம் இதைப் பாவிக்கலாம்?

பெயர்கள் இரண்டு. வேண்டுமானால் மேலே ஒரு சிறு வரி. அதற்கு மேல் வேண்டாம்.

அம்மா அப்பா பெயர், முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், வீதி இலக்கம், தொலைபேசி எண் எல்லாவற்றையும் இதிலேயே போடச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. அழைப்பிதழின் முதல் வேலை ஆட்களைச் சரியான நாளில், சரியான நேரத்துக்கு, சரியான மண்டபத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. மெல்லிய கையெழுத்தில் 1ம் 7ம் மயங்கும். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்துக்கு வர வேண்டியவர்கள் காலை முகூர்த்தம் ஏழரையா ஒன்றரையா என்று குழம்பக் கூடாது. இந்த எழுத்து தனியாக, பெரிதாக, சுற்றிலும் வெறுமையோடு நின்றால்தான் எடுபடும். பத்தி பத்தியாக வந்தால் சிக்கு விழுந்த நூல் மாதிரித்தான் இருக்கும். ஒரு பெயரைத் தாங்க இந்தக் கோட்டுக்குப் பலம் இருக்கிறது, ஒரு முகவரியைத் தாங்க இல்லை.

எந்த அளவில் வைத்தால் அச்சில் நன்றாக விழும்?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். எழுத்துருவைப் பெரும்பாலும் 1000 அலகு உயரமுள்ள கட்டத்துக்குள் வரைவார்கள். மெல்லிய கோடு 20 அலகு என்று வைத்துக்கொண்டால், 12 புள்ளி அளவில் அந்தக் கோடு 0.24 புள்ளி, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. 36 புள்ளியில் வைத்தால் அதே கோடு கால் மில்லிமீட்டருக்கு வந்துவிடும். முதலாவது சாதாரணப் பேப்பரில் அங்கங்கே அறுந்து போகும், இரண்டாவது நிம்மதியாக விழும்.

இருண்ட நிறத்தில் வெள்ளை எழுத்து என்றால் இன்னும் பெரிதாக வையுங்கள். சுற்றியிருக்கும் மை பரவி உள்ளே வந்து மெல்லிய கோட்டை மூடிவிடும், பளபளப்பில்லாத பேப்பரில் இது இன்னும் மோசம். நிறமும் முக்கியம். நான்கு மை கலந்து வரும் பழுப்பையோ பொன்நிறத்தையோ மயிரிழைக் கோட்டுக்குக் கொடுத்தால், ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகள் கொஞ்சம் விலகினாலே கோட்டின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் தெரியும். அந்த நிறத்தைத் தனி மையாக அடிக்கச் சொல்லலாம், இல்லையென்றால் கறுப்பிலேயே விடலாம். கறுப்பில் இந்த எழுத்து மிக அழகாக இருக்கும், யாரும் கேட்பதுதான் இல்லை.

இடைவெளி விட்டு எழுதலாமா? எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் போடலாமா?

இரண்டும் வேண்டாம். இடைவெளி கூட்டினால் கோத்திருக்கும் கைகள் விடுபட்டு ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் ஒரு வெட்டுத் தெரியும். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒன்றே ஒன்று நிற்பதற்காக வரையப்பட்டவை, ஐந்தாறு சேர்ந்து நின்றால் வாசிக்கவே முடியாது. "போல்ட்" பொத்தானையும் அழுத்த வேண்டாம். அந்த எழுத்துருவில் தடித்த வடிவம் தனியாக இல்லாவிட்டால் மென்பொருள் கோட்டைச் சும்மா ஊதிக் காட்டும், வளைவுகள் எல்லாம் அடைத்துவிடும்.

எழுத்துருவில் போட்டதும் பெயர் ஏதோ இயந்திரத்தனமாக இருக்கிறது. படத்தில் பார்த்தது போல வரவில்லையே?

நம் பெயர்கள் நீளம். சிவசுப்பிரமணியம் என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் 15 எழுத்து, அதில் நான்கு தடவை ஏ வருகிறது. கையால் எழுதுகிறவர் யாரும் நான்கு ஏயையும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி எழுத மாட்டார். எழுத்துரு எழுதும். கண் அதைப் பிடித்துவிடுகிறது, என்ன பிழை என்று வாயால் சொல்லத்தான் தெரிவதில்லை.

நல்ல எழுத்துருக்களில் இதற்கு வழி இருக்கிறது. மாற்று வடிவங்கள் உள்ளே ஒளிந்திருக்கும். இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளில் கிளிஃப்ஸ் பனலைத் திறந்தால் ஒரே எழுத்துக்கு மூன்று நான்கு உருவம், சொல்லின் கடைசிக்கென்று நீண்ட வால், தொடக்கத்துக்கென்று வளையம் எல்லாம் தெரியும். அந்த நான்கில் இரண்டை மாற்றுங்கள், கடைசி எம்முக்கு மட்டும் ஒரு வால் கொடுங்கள், போதும். எல்லா எழுத்துக்கும் வால் வைத்தால் பெயர் காணாமல் போய்விடும்.

முதல் எழுத்தையும் ஒருமுறை பாருங்கள். சில எழுத்துருக்களில் டியும் ஜேயும், எஸ்ஸும் எல்லும் மயங்கும். தர்ஷினியின் பெயரை அறியாத ஒருவரிடம் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஜ-வில் தொடங்கி வாசித்தால் எழுத்துருவை மாற்ற வேண்டியதுதான்.

தங்க ஃபாயிலில் அடிக்கலாமா?

சூட்டில் அழுத்தி ஒட்டும் பளபளப்பான மெல்லிய தாள்தான் ஃபாயில். அடிக்கலாம், நன்றாகச் செய்தால் அதைப் போல அழகு வேறு இல்லை. ஆனால் தமிழில் ஃபாயில் அடிப்பவர்கள் புள்ளியைக் கவனிக்க வேண்டும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

சில வருடங்களுக்கு முன், துணி போல நெய்த வடிவம் உள்ள கிறீம் நிறப் பேப்பரில் 350 கார்ட். மாப்பிள்ளையின் பெயர் நிர்மலன். தமிழுக்கு மெல்லிய எழுத்துத்தான் வேண்டும் என்று வீட்டார் ஆசைப்பட்டார்கள், எனக்கும் ஆசை. அச்சகத்தில் மாதிரி காட்டியது வழவழப்பான பேப்பரில், அதில் எல்லாம் சரியாக இருந்தது. கட்டாக வந்த கார்டைப் பிரித்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், பல கார்டுகளில் "ர்" மேலே இருந்த புள்ளியும் கடைசி "ன்" மேலே இருந்த புள்ளியும் இல்லை. பேப்பரின் பள்ளத்தில் புள்ளி விழுந்த இடத்தில் ஃபாயில் ஒட்டவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மம்மா கார்டைக் கையில் வாங்கி, "நிரமலன" என்று எழுத்துக்கூட்டி வாசித்தார். ஆங்கிலத்தில் ஐயின் மேல் புள்ளி போனால் யாருக்கும் தெரியாது. தமிழில் ஒரு புள்ளி போனால் சொல்லே போய்விடும்.

மீண்டும் அடித்தோம். அன்றிலிருந்து ஃபாயிலுக்குப் போகும் ஒவ்வொரு தமிழ்ப் பெயரையும் கோட்டு வடிவமாக (தட்டிய எழுத்தாக இல்லாமல், வரைந்த உருவமாக) மாற்றிவிட்டு, புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து ஒன்றரை மடங்கு பெரிதாக்குகிறேன், எழுத்திலிருந்து கொஞ்சம் மேலே தள்ளியும் வைக்கிறேன். மாதிரியை எந்தப் பேப்பரில் அடிக்கப் போகிறோமோ அதே பேப்பரில் கேட்கிறேன். சுழிகளின் உள்வெளியையும் பாருங்கள். "ஞ", "ணி", "ஸ்ரீ" போன்றவற்றில் ஃபாயில் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

"சிவஸ்ரீ" உடைந்து வருகிறது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. என்ன செய்வது?

கார்டில் குருக்களின் பெயர் வரும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும். யூனிகோடில் "கெ" என்று எழுதும்போது உள்ளே முதலில் "க"வும் பிறகு கொம்பும் பதிவாகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத மென்பொருளில் கொம்பு பின்னால் நிற்கும், "ஸ்ரீ" துண்டு துண்டாகப் பிரியும். அடோபியின் மென்பொருள்களில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் அல்லது வேர்ல்ட்-ரெடி லேஅவுட் என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் சரியாகிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள் (இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ), அப்போது அவர்களிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மாற்றாத பிரதி ஒன்றைக் கட்டாயம் உங்களிடம் வைத்திருங்கள், மண்டபத்தை மாற்றிவிட்டோம் என்று அடுத்த நாளே போன் வரலாம்.

கடைப் பெயர்ப்பலகைக்கு இது சரிவருமா?

காலி வீதியில் பஸ்ஸில் போகிறவர் உங்கள் பலகையைப் பார்க்கும் நேரம் இரண்டு மூன்று செக்கன். மயிரிழைக் கோடு அங்கே தெரியாது. கேக் கடை, பூக்கடை, தையல் கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த எழுத்து மேல் ஆசை வருவது இயல்புதான். பெட்டியிலும் பையிலும் உள்ளே சுவரிலும் இதைப் பாவியுங்கள், வெளிப் பலகைக்குத் தடித்த வடிவம் ஒன்றை எடுங்கள்.

நியோன் போல எரியும் எல்.ஈ.டி. குழாய் எழுத்து வைப்பதென்றால் இரண்டாவது வகையைத் தெரிவு செய்யுங்கள். குழாய்க்கு ஒரே தடிப்புத்தான், அதனால் ஒரே தடிப்பில் ஓடும் கையெழுத்து அதற்கென்றே செய்தது போல உட்கார்ந்துவிடும்.

ஸ்டிக்கர் வெட்டும்போது எழுத்துகளுக்கு நடுவே கோடு விழுகிறதே?

கோத்திருப்பது போலத் தெரிந்தாலும் உண்மையில் ஒவ்வொரு எழுத்தும் தனி உருவம், ஒன்றின் வால் அடுத்ததன் மேல் ஏறிப் படுத்திருக்கிறது. வெட்டும் இயந்திரம் ஒவ்வொன்றின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும், அதனால் ஏறிய இடத்தில் எல்லாம் ஸ்டிக்கர் துண்டாகும். லேசர் வெட்டுக்கும் இதே கதைதான். கோட்டு வடிவமாக மாற்றிய பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டு அனுப்புங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், கோரல்ட்ராவில் வெல்ட். அக்ரிலிக்கில் வெட்டுவதென்றால் ஐயின் புள்ளி, தமிழ்ப் புள்ளி எல்லாம் தனித் துண்டாக விழுந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். பின்னால் ஒரு பலகை வேண்டும்.

இணையத்தில் இலவசமாக இறக்கியதைப் பாவிக்கலாமா?

இறக்கிய கோப்போடு வரும் உரிமத்தை வாசியுங்கள். "சொந்தப் பாவனைக்கு மட்டும்" என்று இருந்தால், காசு வாங்கிச் செய்யும் வேலைக்கு அதைப் பாவிக்கக் கூடாது. கடை லோகோவுக்கும் கூடாது. மாதிரிக்கென்று தரும் கோப்புகளில் எண்களோ அடைப்புக்குறியோ இல்லாமல் இருப்பதும் உண்டு, திகதி தட்டும்போதுதான் தெரியவரும். ஓப்பன் ஃபொண்ட் லைசென்ஸ் என்று இருந்தால் வியாபார வேலைக்கும் தாராளமாகப் பாவிக்கலாம், எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விற்கக் கூடாது. கிரேட் வைப்ஸ், அலெக்ஸ் பிரஷ், அல்லூரா, பின்யன் ஸ்கிரிப்ட் எல்லாம் அந்த உரிமத்தில் கூகுள் ஃபொண்ட்ஸில் இருக்கின்றன. இதில் ஒன்றுதான் என்றால் பெயருக்கு நான் முதலில் எடுத்துப் பார்ப்பது பின்யன் ஸ்கிரிப்ட், செப்புத் தகட்டு எழுத்துக்கு அது மிக நெருக்கம்.

ஒரு எழுத்துருவைச் செய்ய ஒருவர் மாதக்கணக்கில் குந்தியிருந்து வரைகிறார். காசு கேட்டால் கொடுக்கலாம்.

மூன்று மொழியிலும் கார்ட் வேண்டும். எப்படிப் பொருத்துவது?

கொழும்பில் இது அடிக்கடி வரும். ஆங்கிலத்துக்கு அந்த மெல்லிய கையெழுத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டு, தமிழையும் சிங்களத்தையும் கிடைத்த எழுத்தில் அடியில் சின்னதாக ஒட்டிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. எனக்கு அதைக் கண்டால் மனசு பொறுக்காது. பெயர் அதே பெயர், அம்மா அப்பா கூப்பிட்ட பெயர், அதைத் தமிழில் எழுதும்போது மட்டும் ஏன் கூனிக் குறுக வேண்டும்?

நான் செய்வது, தமிழ்ப் பெயரை முதலில் வைத்து அதன் கோட்டுத் தடிப்பை அளந்துகொள்வேன், பிறகு ஆங்கிலக் கையெழுத்தை அதற்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவருவேன். நோட்டோ சான்ஸ் குடும்பத்தில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் மெல்லிய தடிப்புகள் இருப்பதால் இரண்டும் ஒரே குரலில் பேசும். மூன்றையும் ஒரே அகலத்துக்கு இழுத்துப் பொருத்த வேண்டாம். தமிழ் அகலமாக ஓடும், அது அதன் இயல்பு, வரிக்கு இடம் கொடுங்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரருக்கு போனில் அனுப்பும் கார்டுக்கு?

டொரொன்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் பார்ப்பது அதைத்தான். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், மெல்லிய கோடு பிசிறடிக்கும். டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள். வெளிறிய ரோசா நிறத்தின் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம்.

மரண அறிவித்தலுக்கும் நினைவு மலருக்கும் பாவிக்கலாமா?

அறிவித்தலுக்கு வேண்டாம். அவசரமாக, கலங்கிய கண்ணோடு வாசிக்கிறார்கள், வயதானவர்கள் வாசிக்கிறார்கள். பெயரும் ஊரும் கிரியை நேரமும் தெளிவாக இருந்தால் போதும். 31ஆம் நாளுக்கு அடிக்கும் மலரில், உள்ளே பேரப்பிள்ளைகள் எழுதும் ஒரு வரிக்குப் பாவிக்கலாம். அங்கேயும் எழுத்துருவைவிட, அந்தப் பிள்ளை தன் கையால் எழுதினதையே எடுத்துப் போட்டால் எவ்வளவோ நல்லது.

அப்படியானால் உண்மையான கையெழுத்தையே கார்டில் போடலாமா?

போடலாம். போடச் சொல்லித்தான் எல்லோரிடமும் சொல்கிறேன். வெள்ளைத் தாளில் கறுப்பு மையால், கார்டில் வரப்போவதைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, பத்துப் பதினைந்து தடவை எழுதுங்கள். முதல் சிலதில் கை இறுக்கமாக இருக்கும், ஏழாவது எட்டாவதில்தான் இளகும். 600 டி.பி.ஐ.யில் ஸ்கான் செய்து, இல்லஸ்ட்ரேட்டரில் கோட்டு வடிவமாக மாற்றலாம். போனில் எடுத்தால் பகல் வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலே இருந்து எடுங்கள்.

கலைவாணி என்று ஒரு பிள்ளை வந்தார், அப்பா இல்லை. அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதிய நீல நிற ஏரோகிராம்கள் பத்துப் பன்னிரண்டு கையில் இருந்தன. ஒவ்வொன்றும் "அன்பு மகள் கலைவாணிக்கு" என்று தொடங்குகிறது, அந்த "லை" பழைய முறையில், யானைத் துதிக்கை போல மேலே வளைந்து இருந்தது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்து அது உட்பட 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அச்சில் இங்கேயும் அந்தப் புது வடிவம்தான் இப்போது வருகிறது, ஆனால் அந்தத் தலைமுறையின் கை பழையதையே எழுதிக்கொண்டிருந்தது. புது "லை"யாக மாற்றவா என்று கேட்டேன், வேண்டாம் அக்கா, அப்படியே விடுங்கோ என்றார்.

மாப்பிள்ளை பெயர் பிரதீபன். அது எந்தக் கடிதத்திலும் இல்லை. அப்பா மாப்பிள்ளையைப் பார்த்ததும் இல்லை. கடிதங்களிலிருந்து எழுத்து எழுத்தாகப் பொறுக்கினேன்: "பிள்ளை"யிலிருந்து "பி", "ஊர்"இலிருந்து "ர", "பணம்" என்ற சொல்லிலிருந்து "ப", "நான்"இலிருந்து "ன்". "தீ" மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. "தம்பி"யின் "த"வை எடுத்து, "நீ சுகமாக இருக்கிறாயா" என்று எழுதியிருந்த இடத்தில் "நீ"யின் மேல்சுழியை வெட்டி அதன் தலையில் வைத்தேன். சுழி கொஞ்சம் பெரிது, அப்படியே விட்டேன். மிச்சம் எல்லாவற்றையும் கட்டமரனில் 10 புள்ளியில் அடித்தோம், பெயர்கள் இரண்டும் மட்டும் அவர் கையில்.